என் பேரு போட்ட பெட்டி

ரெண்டு பக்கம் போதும்னு மதர் சொன்னாக. ரெண்டு பக்கத்துக்கு மேல போகாமப் பாத்துக்கங்க, கூட ஒரு சின்ன வயசு போட்டோ இருந்தாக் குடுங்க, இம்புட்டுத்தான் கேட்டாக. என் தங்கச்சி செத்து நாலு வருசம் ஆச்சு. அவ கன்னியாஸ்திரீ. அவ கடைசியா இருந்த மடத்துல அவளுக்கு ஒரு நினைவு மலர் போடுறாக. அவளுக்கு தேவ அழைத்தல் எப்பிடி வந்துச்சு, சின்னப் புள்ளையில எப்பிடி இருந்தா, இதையெல்லாம் கூடப் பெறந்த அக்கா நான் எழுதித் தரணுமாம்.

நானும் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமா உக்காந்து பாத்தேன். "என் தங்கை சிறு வயது முதலே பக்தி மிகுந்தவள்" அப்பிடின்னு முதல் வரி எழுதுவேன். எழுதுனதும் எனக்கே சிரிப்பு வந்துரும். தாளக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு சோத்தப் பாக்கப் போயிருவேன். பக்தி மிகுந்தவளாம்! கோயில்ல சாமியார் பிரசங்கம் வைக்கிறப்ப என் தோள்ல சாஞ்சு தூங்கி, என் தாவணியில எச்சி ஒழுக விட்டவ அவ. பூசை முடிஞ்சு வெளிய வந்ததும், "அக்கா, இன்னைக்கு சாமியாரு நல்லாப் பேசுனாருல்ல"ன்னு வேற கேப்பா.

இப்ப அவ கல்லறையில ஜனங்க உப்பும் மிளகும் கொண்டாந்து போடுறாக. நோய் நொடி தீரணும், புள்ள வரம் வேணும்னா புனிதர் சுரூபத்துக்கு முன்னால ஒரு கை உப்பும் மிளகும் போடுறது எங்க வேதக்காரவுக வழக்கம். அத எந்தங்கச்சிக்குப் போடுறாக. மொதத் தடவ பாத்தப்ப எனக்குக் கோவம் மூக்கு மேல வந்துருச்சு. முப்பத்தி நாலு வயசுல செத்துப் போனவ, உசுரோட இருந்தப்ப கொழம்புல ஒரு கல்லு உப்பு கூடிட்டாலும் தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போறவ, அவ தலைமாட்டுல போயி உப்பக் கொட்டுறாகளேன்னு இருந்துச்சு. "மழையில கரைஞ்சு சிமெண்ட அரிச்சிரும், இதெல்லாம் போடாதீக"ன்னு அங்கன நின்ன ஒரு பொம்பளையச் சத்தம் போட்டேன். அது என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு இன்னும் ஒரு கை போட்டுட்டுப் போச்சு.

ஊருல யாரக் கேட்டாலும் ஒரே கதையத்தான் சொல்றாக. சின்னப் புள்ளையிலேயே தலையில துண்டக் கட்டிக்கிட்டு சிஸ்டர் வேசம் போட்டு வெளையாடுமாம், அப்பவே தெரியுமாம். மலர்லயும் அதப் போடப் போறாகளாம். மாதாவே! துண்டக் கட்டிக்கிட்டு வெளையாண்டது நானு. அவ எனக்கு முன்னால மண்டி போட்டவ. அவ ஜெபம் சொல்லணும், தப்பாச் சொன்னா நான் குட்டு வைப்பேன். அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறு குட்டாச்சும் வாங்குவா.

ஏன்னா, மடத்துக்குப் போக வேண்டிய புள்ள நாந்தான். எழுத முடியாம நான் முழிச்சதும் இதனாலதான்.

எங்க ஊரு ராயப்பன்பட்டிக்குப் பக்கத்துல. அப்பாவுக்கு ரெண்டு ஏக்கரு பன்னீர் திராட்சைப் பந்தல். எனக்கு மூணு வயசுல ஜன்னி கண்டு, பெரிய டாக்டரு கைய விரிச்சிட்டாராம். அம்மா என்னையத் தூக்கிட்டுப் போயி கோயில்ல மாதா காலடியில வெறுந்தரையில போட்டு, "இவ பிழைச்சா இவள ஒனக்கே குடுத்துர்றேன் தாயே"ன்னு நேந்துக்கிச்சு. நான் பிழைச்சிட்டேன். தங்கச்சி எனக்கு ரெண்டு வருசம் எளையவ, அவ அப்ப கைக்குழந்தை.

எங்க பக்கம் ஆட்டுக்குட்டிய நேந்து விடுவாக. காதுல ஒரு வெட்டு இருக்கும். அதப் பாத்தா ஒருத்தரும் கம்பெடுக்க மாட்டாக. பத்துப் பேரு தோட்டத்துல மேஞ்சாலும், "அது சாமிக்கு விட்ட குட்டி, போகட்டும்"பாக. நான் வீட்டுல அப்பிடித்தான் வளந்தேன். முட்ட ஒண்ணு இருந்தா எனக்கு. புதுத்துணி எனக்கு, பழசு அவளுக்கு. தங்கச்சி மூஞ்சியத் தூக்கினா அம்மா, "அவ போகப் போற புள்ளடி, விடு"ன்னு சொல்லும். நானும் அந்தச் சொகத்த நல்லா அனுபவிச்சேன், பொய் சொல்லுவானேன்.

நேந்து விட்ட ஆடு ஒரு நாள் போயித்தான் ஆகணும்ங்கிறது எனக்குப் பதினெட்டு வயசுலதான் ஒறைச்சுச்சு. பிளஸ் டூ முடிச்சிருந்தேன். அதுக்குள்ள தூரத்து மாமன் மகன் ஒருத்தரு என் மனசுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. இப்ப எங்க வீட்டுக்காரரு அவருதான். அப்பச் செல்போனு ஏது? கடுதாசிதான். அதக் கொண்டு போறதும் கொண்டாறதும் எந்தங்கச்சி. நானா எழுதாட்டியும் விட மாட்டா. "மச்சான் மொகமே சரியில்லக்கா. பாத்தாப் பாவமா இருக்கு. ஒரு வரி எழுதிக் குடு"ன்னு நச்சரிச்சு எழுத வச்சு வாங்கிட்டு ஓடுவா. நம்ம மேல எம்புட்டுப் பாசம்னு நான் உருகிப் போவேன்.

அப்பா உத்தமபாளையத்துல ஒரு தகரப்பெட்டி வாங்கிட்டு வந்தாரு. பச்சப் பெயிண்டு. மூடியில வெள்ளையில என் பேரு, கீழ ஊருப் பேரு. மடத்துல இருந்து கூட்டிட்டுப் போக வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் சொவரப் பாத்து அழுதுக்கிட்டுக் கெடக்கேன். தங்கச்சி வந்து, "நீ அழுது முடிக்கா, பெட்டிய நான் அடுக்குறேன்"னா. அவளே அடுக்கிப் பூட்டி, சாவியத் தன் பாவாடை முடிச்சுல முடிஞ்சுக்கிட்டா. அப்பத்தான் அவ பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா.

மறுநாள் காலையில வாசல்ல பந்தக்கால், சொந்தக்காரவுக கூட்டம், அடுப்புல பிரியாணி. வேன் வர்ற நேரம். தங்கச்சி என் காதுகிட்ட வந்து, "அக்கா, பின்வாசத் தாழ்ப்பாள நீக்கி வச்சிருக்கேன். தோட்டத்துக்குப் போயிரு. பந்தலுக்கு அடியில படுத்துக்க. நேத்துத்தான் மருந்தடிச்சிருக்கு, ஒருத்தரும் உள்ள வர மாட்டாக"ன்னா. நான் யோசிக்கவே இல்ல. ஓடிட்டேன்.

திராட்சைக் கொடிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடந்தேன். மயில்துத்தம் கலந்த மருந்து, ராத்திரி ஈரத்துல கரைஞ்சு, எல நுனியில இருந்து சொட்டுச் சொட்டா மேல விழுகுது. தலமுடி, தாவணி, மூஞ்சி எல்லாம் நீலம். வேன் வந்த சத்தம் கேட்டுச்சு. அம்மா என் பேரச் சொல்லிக் கூப்புடுற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரங்கழிச்சு வேன் போற சத்தமும் கேட்டுச்சு. வெறும் வேன் போயிருச்சு, தப்பிச்சேன்னு எந்திரிச்சு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தூணுல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. நீலப் பிசாசு மாதிரி நின்ன என்னையப் பாத்து அடிக்கக்கூட இல்ல. "சின்னவ போயிட்டா"ன்னுச்சு. கூட்டிட்டுப் போக வந்த மதர் மொகம் சுண்டித் திரும்பக் கெளம்புனாகளாம். இவ தகரப்பெட்டியத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து, "நான் வர்றேன் மதர்"னு நின்னாளாம். ஊரு பாத்துக்கிட்டிருக்கு, பிரியாணி வெந்துக்கிட்டிருக்கு. யாரும் வேணாம்னு சொல்லல. ஒரு மாசத்துல திரும்பி வந்துருவான்னு அப்பா நெனச்சாரு. என் தாவணியெல்லாம் துணிக்கொடியில அப்பிடியே கெடந்துச்சு. பெட்டியில இருந்து என்னோடத எடுத்துப் போட்டுட்டு அவசரத்துல தன்னோடத அள்ளி வச்சுக்கிட்டா போலன்னு நான் நெனச்சேன்.

அவ திரும்பி வரல. அம்மா ஒரு நாளு ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டே, "குட்டிக்குக் குட்டி போயிருச்சு, நேர்ச்சை தீந்துச்சு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிச்சு. அந்தச் சொல்லு என் நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு. இருபத்தி ரெண்டு வருசமா எறங்கவே இல்ல.

கோயில்ல என் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறதுக்கு முந்தி சாமியார்கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அவரு கொதிச்சுப் போயிட்டாரு. "புள்ள என்ன ஆடா, கோழியா? தாய் நேந்துக்கிட்டா மக போயே ஆகணும்னு எந்த வேதத்துல இருக்கு? போறவ தானாப் போகணும். அது நேர்ச்சையே இல்ல, போ"ன்னாரு. எனக்கு நிம்மதி வரணும்ல? வரல. செல்லாத ஒரு நேர்ச்சைக்காகவா அவ எனக்குப் பதிலாப் போனா? அப்பவே, "ஒண்ணும் கட்டாயமில்லடி, திரும்பி வந்துரு"ன்னு ஒரு கடுதாசி போட்டிருக்கணும். போடல. மடத்துல இருந்து திரும்பி வந்த புள்ளைய ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியும். ரெண்டு வாரத்துல எனக்குக் கல்யாணம் வேற. என் சொகத்தப் பாத்துக்கிட்டேன்.

அவ விரும்பித்தான் போனாளா, இல்ல எனக்காகப் போனாளா? இந்த ஒரு கேள்விதான். அத அவகிட்டக் கேக்கப் பதினெட்டு வருசம் இருந்துச்சு எனக்கு.

வருசத்துக்கு ஒரு தடவ லீவுல வருவா. வெள்ளச் சேலையில, கழுத்துல சிலுவையோட. அம்மாவே, "வாங்க சிஸ்டர்"னுதான் கூப்புடும். நான் மட்டும் "வாடி"ன்னுவேன். திராட்சை வெட்டு நேரமாப் பாத்துத்தான் வருவா. ரெண்டு பேரும் பந்தலுக்கு அடியில சாக்கு விரிச்சு உக்காந்து, வெட்டுன கொத்துல இருக்குற வெடிச்ச பழம், சூம்பல் பழத்தையெல்லாம் கத்திரியால கிள்ளி எடுத்துப் பெட்டியில அடுக்குவோம். கிள்ளி எடுத்ததுல பாதி அவ வாய்க்குள்ள போகும். பேசுவோம், சிரிப்போம், ஊர்க்கதை அம்புட்டும் பேசுவோம். இன்னைக்குக் கேட்டுறணும்னு நெனப்பேன். "ஆமாக்கா, ஒனக்காகத்தான் போனேன்"னு அவ சொல்லிட்டா அப்பறம் நான் எப்பிடிச் சோறு திங்கிறதுன்னு பயந்து வாய மூடிக்கிருவேன்.

அவளும் செல நேரம், "அக்கா, ஒண்ணு சொல்லணும்"பா. "என்னடி"ன்னா, "ஒண்ணுமில்ல"ன்னு கொத்தத் திருப்பித் திருப்பிப் பாப்பா. என் மொதப் புள்ள தங்காமப் போன வருசம், மழை அடிச்சு பந்தலே சரிஞ்ச வருசம், நான் அழுததவிட அவதான் கூட அழுதா. வெடிப்பு விட்ட என் கையத் தன் மடியில வச்சுத் தேச்சுக்கிட்டே, "ரொம்பக் கஷ்டமாக்கா?"ம்பா. "நான் ராசாத்தியாட்டம்தான் இருக்கேன். நீ ஒஞ்சோலியப் பாரு"ன்னு வெடுக்குனு கைய இழுத்துக்கிருவேன்.

கடைசி ஆறு வருசம் கம்பத்துப் பக்கம், மலையடிவாரத்துல இருக்குற மடத்துலதான் இருந்தா. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைகளோட விடியக்காலம் ஜீப்புல ஏறி மேல போயிருவா. அங்கன தோட்டத்து ஆளுக குடியிருக்குற ஒரு எஸ்டேட்டு லயத்துல ஒரு ரூமக் கேட்டு வாங்கி, வேலக்காரவுக புள்ளைகளப் பாத்துக்கிட்டா. மூக்கத் தொடச்சு விட்டு, தல சீவி விட்டு, எழுத்துச் சொல்லிக் குடுத்து, கால்ல ஏறுன அட்டைக்கு உப்பு வச்சு எடுத்து விட்டுக்கிட்டு. வடக்க இருந்து வந்த புள்ளைக இந்தி பேசும், அங்கன உள்ளதுக மலையாளம் பேசும். இவ எல்லாத்துக்கும் எங்க ஊருத் தமிழ்லதான் பதில் சொல்லுவா. அதுகளும் "ஏலே, இங்கன வா"ன்னு பேசிக்கிட்டுத் திரியுமாம்.

ஒடம்பு மெலிஞ்சத, காய்ச்சல் விட்டு விட்டு வந்தத ஆறேழு மாசம் மறைச்சிட்டா. ரத்தத்துல புத்துன்னு மதுரையில சொன்னப்ப எல்லாம் கையவிட்டுப் போயிருச்சு. மடத்துக்கே கூட்டிட்டு வந்துட்டாக. நான் போயிப் பாத்தேன். கட்டில்ல ஒரு துணி மடிச்சு வச்ச மாதிரி கெடந்தா. எனக்கு அழுக வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, என் மேல ஒனக்குக் கோவமா?"ன்னா.

"கோவம் இல்லாம? கொஞ்சவா சொல்ற? நீ செஞ்ச காரியத்துக்கு ஒன்னைய மன்னிக்கவே மாட்டேன், போடி"ன்னேன். சீக்க மறைச்சாளே, அதத்தான் நான் சொன்னேன். எங்களுக்குள்ள அது சாதாரணப் பேச்சுதான். அவ லேசாச் சிரிச்சு, "சரிக்கா"ன்னுட்டு சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கு ஒம்பதாம் நாளு செத்துப் போனா.

இப்ப இந்த ரெண்டு பக்கத்துக்கு வர்றேன். எழுத வரலன்னு சொல்லிருவோம்னு மடத்துக்குப் போனேன். மதர் என்னைய ஒரு சின்ன ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாக. அவ சாமான வச்சிருக்காக. ஜெபப் புத்தகம், மூக்குக் கண்ணாடி, ஒரு ஸ்வெட்டரு, தேஞ்ச செருப்பு. ஓரத்துல அந்தப் பச்சத் தகரப்பெட்டி. மூடியில வெள்ளையில என் பேரு.

"பேரு மாறிக் கெடக்கு பாருங்க. பாக்க வர்றவுக கொழம்புறாக. கல்லறைத் திருநாளுக்குள்ள அழிச்சுட்டு சிஸ்டர் பேர எழுதிறணும், பெயிண்டர்கிட்டச் சொல்லியிருக்கேன்"னாக மதர். "நாங்க அப்பவே எத்தனையோ தடவ மாத்தச் சொன்னோம். 'அது எங்க அக்கா பெட்டி மதர், நான் எடுத்துட்டு வந்துட்டேன்'னு சிரிச்சுக்கிட்டே போயிருவாக" அப்பிடின்னாக. எழுத வரலன்னு சொன்னதுக்கு, "அப்ப ஒண்ணு பண்ணுங்க, ஜீப்புல போற பொம்பளைகளக் கேளுங்க. அவுக சொல்றத எழுதுனாக்கூடப் போதும்"னாக.

சரி, பாப்போம்னு மறுநாள் விடியக்காலம் போயி நின்னேன். ஜீப்புன்னா ஒங்களுக்குத் தெரியாது. எட்டுப் பேரு உக்கார்ற எடத்துல பதினாலு பேரு. தூக்குச்சட்டி, இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படுதா, குளிருக்குத் தலையில துண்டு. முன் சீட்டுக்கு அடிதடி நடக்கும். பின்னாடி கதவோரம் கடைசியா ஒரு எடம். அது ஒருத்தருக்கும் ஆகாது. வளைவுல வெளிய தூக்கிப் போடும், மழை அடிக்கும், புழுதி அம்புட்டும் மூஞ்சியில வரும், ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எறங்கி ஏறணும். ஆனா அன்னைக்கு நான் பாத்தது, அந்த எடத்துக்குத்தான் சண்ட. "நேத்து நீ உக்காந்த, இன்னைக்கு எம் மொறை, எந்திரிடி"ன்னு ஒரு அக்கா இன்னொரு பொம்பளையக் கையப் பிடிச்சு இழுத்துச்சு. நெத்தி நெறையத் திருநீறு. அந்தக் கூட்டத்துல அதுதான் வாயாடி.

அது கதவோரம் உக்காந்து, ஜீப்பு மலை ஏறத் தொடங்குனதும் கையக் கூப்பி, "அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே"ன்னுச்சு. அதோட நிறுத்தி, "மத்தத நீயே பாத்துக்க ஆத்தா"ன்னு கும்புட்டு முடிச்சிருச்சு. பாதி ஜெபத்துக்கு நானா இருந்தாக் குட்டு வச்சிருப்பேன். மத்தவுக அம்புட்டுப் பேரும் "ஆமென்"னாக.

"சிஸ்டரு சொல்லிக் குடுத்தாகளா?"ன்னு கேட்டேன்.

"இந்த எடம் சிஸ்டரு எடம்லா. ஆறு வருசம் இதுலதான் வந்தாக. முன்னுக்கு வாங்க, புள்ளத்தாச்சிக கூட உள்ள உக்காந்திருக்கு, நீங்க மட்டும் ஏன் சாரல்ல நனையுறீகன்னு கெஞ்சுவோம். ம்ஹூம், கேக்கணுமே! ஒரு நாளு நான் சண்டையே போட்டேன். அன்னைக்குத்தான் சொன்னாக" அப்பிடின்னு அந்த அக்கா என் பக்கம் குனிஞ்சுச்சு. "அவுகளுக்கு ஒரு அக்கா இருக்காகளாம். மடத்துக்குப் போகன்னு அந்த அக்காவத்தான் வச்சிருந்தாகளாம். இவுகளுக்குச் சின்னதுலருந்து அந்த எடத்து மேலதான் ஆசையாம். அக்கா இருக்குற வரைக்கும் கெடைக்காதுன்னு, அந்த அக்கா மனசக் கல்யாணத்துப் பக்கம் திருப்பி விட்டு, பின்வாச வழியா வெளியேத்தி விட்டுட்டு, அவுக பெட்டியவே தூக்கிட்டு வந்துட்டாகளாம். 'ஒரு தடவ எங்க அக்காகிட்ட இருந்து நல்ல எடத்தப் பிடுங்கிட்டேன்த்தா. இனி எங்கயும் எனக்குக் கடைசி எடம் போதும்'னாக. சொல்லிட்டு அழுதாக. அந்த அக்கா இப்பத் தோட்டந்தொரவுன்னு ரொம்பச் சிரமப்படுறாகளாம். மன்னிப்புக் கேக்கணும், கேக்கணும்னே இருந்தாக. கேட்டாகளோ என்னமோ. ஆமா, நீங்க யாரு? மடத்துல இருந்து எழுத வந்தவுகளா?"

ஆமான்னு தலைய ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா அம்மாவப் பிடிச்சுக்கிட்டேன். நாங்க அந்தப் பழைய வீட்டுலயேதான் இருக்கோம், அம்மாவும் எங்கூடத்தான் இருக்கு. "சின்னவ எப்பவாச்சும் மடத்துக்குப் போகணும்னு ஒங்கிட்டக் கேட்டாளா?" அம்மா முருங்கக்கீரைய உருவிக்கிட்டே சாவகாசமாச் சொல்லுச்சு. "ஒம்பதாவது படிக்கிறப்பவே கேட்டா. அழுதா, ரெண்டு நாளு சாப்புடக்கூட இல்ல. ரெண்டு பேரையும் குடுத்துட்டு நான் என்னத்தடி பண்ண? நேந்தது மூத்தவள, நீ எனக்கு வேணும்னுட்டேன்."

"இத ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலியே."

கேக்கலியாம்! நான் போயி அந்தக் கொடிக்குக் கீழ நின்னுக்கிட்டேன். இருபத்தி ரெண்டு வருசத்துக்கு முந்தி என் தாவணி அப்பிடியே கெடந்துச்சே, அந்தக் கொடி. பெட்டியில இருந்து அவ என் துணிய எடுத்துப் போடவே இல்ல. என் துணி உள்ள போகவே இல்ல. முந்தின நாள் சாயங்காலமே தன் துணியத்தான் அடுக்கிப் பூட்டி, சாவிய முடிஞ்சுக்கிட்டா. மச்சான் மொகம் சரியில்லன்னதும் அதுக்குத்தான். தாழ்ப்பாள நீக்கினதும் அதுக்குத்தான். கள்ளி! அமுக்குணி! நான் என்னமோ அவளக் கெணத்துல தள்ளிட்டதா இத்தன வருசம் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கேன், அவ என்னைய ஒதுக்கித் தள்ளிட்டு இடிச்சு ஏறியிருக்கா. தனியா நின்னு சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

சிரிச்சுக்கிட்டு இருக்குறப்பவே அந்தக் கட்டில் ஞாபகம் வந்துருச்சு. அக்கா, என் மேல ஒனக்குக் கோவமா? அவ கேட்டது சீக்கப் பத்தி இல்ல. நான் சொன்ன பதிலக் கேட்டுட்டு, "சரிக்கா"ன்னு திரும்பிப் படுத்தாளே. மன்னிக்கவே மாட்டேன்னு சொன்னேனே பாவி. அதையேதான் ஒம்பது நாளும் நெனச்சுக்கிட்டுக் கெடந்திருப்பா. நான் அந்தக் கொடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுத அழுக, அவ செத்தன்னைக்குக்கூட அழல.

கல்லறைத் திருநாளுக்குப் போனேன். மொத சோலியா மதரப் பாத்து, பெட்டியில பேர அழிக்க வேணாம்னேன். ஏன்னு கேட்டாக. ரெண்டு பக்கத்துல சொல்ல முடியாது மதர், கொஞ்சம் கூடுதலா எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். போடுறதும் போடாததும் அவுக இஷ்டம். துண்டக் கட்டிக்கிட்டு வெளையாண்டது நாந்தான்ங்கிறத மட்டும் அடிக்கோடு போட்டிருக்கேன்.

கல்லறைத் தோட்டத்துல நல்ல கூட்டம். தூத்தல் வேற. அவ கல்லறையில கரைஞ்சது போக உப்பு மிச்சம் கெடந்துச்சு. மெழுகுதிரி பத்த வச்சா நிக்கல, சேலத் தலைப்ப மறைச்சுப் பிடிச்சுக்கிட்டேன். குத்த வச்சு உக்காந்து ஆரம்பிச்சேன். ஏன்டி கழுத, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பெட்டியத் தூக்கி ஒந் தலையில வச்சிருப்பேன்லடி? எனக்கு அந்த எடம் வேணாம்னுதானடி பந்தலுக்குள்ள போயிப் படுத்தேன். பிடுங்குனேன், பிடுங்குனேன்னு ஆறு வருசம் மழையில நனைஞ்சிருக்கியே, ஒனக்குக் கிறுக்கா? நான் நல்லா இருக்கேன்டி. ரெண்டு புள்ளைக இருக்கு, ஒம் மச்சான் இருக்காரு, சண்ட போட்டாலும் நல்ல மனுசன். சிரமம் யாருக்குத்தான் இல்ல? கோவமெல்லாம் இல்லடி. கேட்டுச்சா? கோவம் இல்ல.

பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, கையில உப்புப் பொட்டலத்தோட, நான் எந்திரிக்கட்டும்னு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் பேசுனத ஜெபம்னு நெனச்சிருக்கும்போல. "என்ன வேண்டுதல்க்கா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு.

"வேண்டுதல் இல்லத்தா. இவ என் தங்கச்சி. சாகறதுக்கு முந்தி ஒரு கேள்வி கேட்டா, நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். அதான் மாத்திச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பொண்ணு பொட்டலத்தப் பிரிச்சு என் பக்கம் நீட்டுச்சு. நான் ஒரு கை அள்ளி அவ தலைமாட்டுல போட்டேன்.